ஏடன் வளைகுடாவைக் கடக்கும் கப்பல் கடற்படைகளின் உதவியைப் பெறுவது எப்படி

கடற்கொள்ளையில் எல்லாக் கணக்கும் கடைசியில் நிமிடக் கணக்குதான். 14 நாட் (மணிக்கு 14 கடல்மைல்) வேகத்தில் போகும் ஒரு சரக்குக் கப்பலுக்குப் பின்னால் 3 கடல்மைல் தள்ளி ஸ்கிஃப் என்னும் சிறு விசைப்படகு ஒன்று தென்படுகிறது, அது 25 நாட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். இடைவெளி மணிக்கு 11 கடல்மைல் வீதம் சுருங்கும். 16 நிமிடத்தில் கொக்கி ஏணி உங்கள் கப்பலின் விளிம்பில் மாட்டியிருக்கும். 20 கடல்மைலில் நிற்கும் போர்க்கப்பல் 30 நாட்டில் ஓடிவந்தாலும் 40 நிமிடம் ஆகும். 60 கடல்மைலிலிருந்து ஹெலிகாப்டர் 120 நாட்டில் பறந்தால் அரை மணி. அதைக் கிளப்பும் நேரம் தனி.

அந்த 16-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பதைக் கப்பல்தான் தாக்குப்பிடித்துக் கடக்க வேண்டும். ரோந்துக் கப்பல்கள் எத்தனை இருந்தாலும் இந்த இடைவெளி முழுதாக மறையாது. இங்கே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இரண்டில் ஒன்றுக்காகத்தான்: கடற்படைக்கு உங்களை முன்கூட்டியே தெரியப்படுத்துவது, அல்லது அவர்கள் வரும்வரை நேரம் சம்பாதிப்பது.

யாரிடம் பேசுவது

இந்தக் கடலில் ஒரே தலைமையின் கீழ் ஒரே படை என்று எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலாண்டா நடவடிக்கை 2008 டிசம்பரில் தொடங்கியது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டணியின் சிடிஎஃப் 151 படைப்பிரிவு 2009 ஜனவரியில் உருவானது. நேட்டோவின் ஓஷன் ஷீல்டு 2009 முதல் 2016 வரை இருந்து விலகிவிட்டது. இந்தியா 2008 அக்டோபரிலிருந்து தன் சொந்தக் கட்டளையில் ரோந்து வருகிறது. சீனா, ஜப்பான், தென் கொரியா ஆகியவையும் கப்பல்களை அனுப்பின. அரசியலில் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத நாடுகளும் இதில் உண்டு. இவர்களை இணைப்பது ஒப்பந்தம்கூட இல்லை. ஷேட் என்று அழைக்கப்படும் ஒருங்கிணைப்புக் கூட்டமும், மெர்க்குரி என்ற இணையவழித் தகவல் பரிமாற்ற வலையும்தான். இன்னார் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வது, இன்னார் இந்தத் தேதியில் எரிபொருள் நிரப்பப் போவது என்பதை அங்கே சொல்லிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான பாடம் ஒன்றே. அருகில் எந்த நாட்டுப் போர்க்கப்பல் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். மையத்துக்குச் சொன்னால் அது எல்லாரிடமும் போய்ச் சேரும். மையங்கள் இரண்டு. பிரிட்டன் நடத்தும் கடல் வணிகத் தகவல் மையமான யூகேஎம்டிஓ ஒன்று. அவசரத்தில் முதல் தொலைபேசி அழைப்பு இங்கேதான். மற்றொன்று பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் இயங்கும் ஐரோப்பிய ஒன்றியக் கடற்படையின் கடல்சார் பாதுகாப்பு மையம். எம்எஸ்சிஎச்ஓஏ என்ற பெயரில் பல ஆண்டுகள் அறியப்பட்டது இதுதான். பயணத்தைப் பதிவுசெய்வது இங்கே. இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பதிவு இருந்தும் தினசரித் தகவல் இல்லாத கப்பல், வரைபடத்தில் நேற்றைய இடத்திலேயே நிற்கும்.

பதிவும் தினசரித் தகவலும்

அறிக்கைப் பகுதிக்குள், அதாவது கப்பல்கள் தங்கள் நிலையைத் தெரிவிக்க வேண்டிய கடற்பகுதிக்குள், நுழைவதற்கு முன்பே பிரெஸ்ட் மையத்தின் கப்பல் நகர்வுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். அறிக்கைப் பகுதியின் எல்லையை அட்மிரால்டி பாதுகாப்பு வரைபடம் கியூ6099 காட்டும். அதன் புதிய பதிப்பு பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல் அறையில்) இருக்கிறதா என்று புறப்படும் துறைமுகத்திலேயே பார்த்துவிடுங்கள். எல்லையைத் தாண்டியதும் யூகேஎம்டிஓவுக்கு முதல் அறிக்கை, பிறகு நாள்தோறும் நிலை அறிக்கை, வெளியேறும்போது இறுதி அறிக்கை.

முதல் அறிக்கையில் கப்பலின் பெயர், ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண், அழைப்புக் குறி, கொடி, இப்போதைய நிலை, திசை, வேகம், அடுத்த துறைமுகம், அங்கே சேரும் நேரம், சிட்டடல் (ஆட்கள் பூட்டிக்கொள்ளும் உள்கோட்டை) உண்டா, ஆயுதக் காவலர் உண்டா, எத்தனை பேர் கப்பலில் என்பதெல்லாம் இருக்கட்டும். நேரம் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். கப்பலின் உள்ளூர் நேரத்தைப் பழக்கத்தில் எழுதிவிட்டால் மூன்று நான்கு மணி நேரப் பிழை வரும். 14 நாட் வேகத்தில் அது 42 முதல் 56 கடல்மைல் வரை. தேடும் விமானத்துக்கு அது வேறு கடல்.

அதிகபட்ச வேகம், நீர்மட்டத்திலிருந்து விளிம்பின் உயரம் இரண்டையும் நேர்மையாக எழுதுங்கள். புதிதாகக் கட்டியபோது ஓடிய வேகத்தை எழுதக்கூடாது; அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஏறிய நிலையில், இன்றைய சரக்குடன், நேற்று 24 மணி நேரத்தில் ஓடிய வேகமே கணக்கு. அடுத்து வரும் கூட்டுப் பயணத்தில் இது நேரடியாகக் கடிக்கும்.

கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியை ஓடவிடுங்கள். அடையாளம், நிலை, திசை, வேகம், ஓட்ட நிலை மட்டும் போதும். சரக்கு, சேருமிடம் போன்றவற்றை நீக்கிவிடலாம். அணைப்பதா இல்லையா என்பது கேப்டனின் முடிவு. கொள்ளையர் மட்டுமே ஆபத்து என்ற நிலையில் அணைப்பதால் வரும் லாபத்தைவிட, கடற்படைக்குக் காணாமல் போகும் நஷ்டம் பெரிது.

வழித்தடமும் கூட்டுப் பயணமும்

ஏடன் வளைகுடாவில் 2009-இல் பரிந்துரைக்கப்பட்ட பன்னாட்டு வழித்தடம், ஐஆர்டிசி, இரண்டு பாதைகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 5 கடல்மைல் அகலம். நடுவே 2 கடல்மைல் இடைவெளி. நீளம் சுமார் 490 கடல்மைல். இது ஐஎம்ஓவின் கட்டாயப் போக்குவரத்துப் பிரிப்புத் திட்டம் அல்ல. ரோந்துக் கப்பல்களையும் விமானங்களையும் ஒரு குறுகிய பட்டையில் குவிப்பதற்கான ஏற்பாடு. அதற்கு வெளியே போனால் யாரும் அபராதம் போட மாட்டார்கள். பக்கத்தில் யாரும் இருக்கவும் மாட்டார்கள்.

இதற்குள் போக மூன்று வழி உண்டு. தனியாகப் போகலாம். குழுவாகப் போகலாம். போர்க்கப்பல் கூடவே வரும் கான்வாயில் சேரலாம். குழுப் பயணத்துக்கு 10, 12, 14, 16, 18 நாட் என வேக வகுப்புகள் வகுக்கப்பட்டன. மெதுவான குழு முதலில் கிளம்பும், வேகமானது பின்னால் வரும். மிக ஆபத்தான பகுதியை எல்லாரும் இரவிலேயே கடக்கும்படி நேரம் அமைப்பார்கள். இருட்டில் ஸ்கிஃபிலிருந்து ஏணி மாட்டுவது கடினம் என்பதால் அந்த ஏற்பாடு. பெரும்பாலான தாக்குதல் விடியலை ஒட்டியும் அந்தி நேரத்திலும் நடப்பது இதனாலேயே. எந்த வகுப்பு, எந்த நேரம், அந்த நாளில் எந்தக் கான்வாய் ஓடுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். மையம் தரும் அட்டவணையைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

குழு உடைவதன் முதல் காரணம் பொய் வேகம். 14 என்று பதிவுசெய்து 12.5-இல் திணறும் கப்பல், 24 மணி நேரத்தில் 36 கடல்மைல் பின்தங்கிவிடும். கான்வாயில் போர்க்கப்பல் ஒன்றிரண்டுதான். பின்தங்கியவனுக்காக ஐந்தாறு கப்பல்களை நிறுத்த முடியாது. ஆகவே ஒரு படி குறைவான வகுப்பில் சேர்ந்து, மிச்ச வேகத்தைத் தப்பியோட வைத்துக்கொள்வதே நல்லது.

பருவத்தையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோமாலியாவின் கிழக்குக் கரையில் சிறு படகு ஓட்டுவதே பாடு. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதியான வாரங்களில்தான் கவனம் கூட வேண்டும்.

கப்பலைத் தயார்செய்தல்

சவரக்கத்தி முட்கம்பிக்குச் சுருள் விட்டம் 730 அல்லது 980 மில்லிமீட்டர் கொண்ட உயர் இழுவிசை வகை வாங்குங்கள். இரட்டைச் சுருள் என்பது குறைந்தபட்சம். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்றாக அடுக்கினால் நல்லது. விளிம்புக்கு வெளியே நீட்டிக் கட்டுங்கள். தோற்கும் இடம் எப்போதும் கட்டுதான்: சாதாரணக் கயிற்றால் கட்டியதைக் கொக்கி போட்டு இழுத்தால் மொத்தச் சுருளும் கடலில் விழும். கம்பி வடத்தை நடுவே ஓடவிட்டு, கப்பலின் உறுதியான பகுதியில் கட்டுங்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இதைத் தொடவிடாதீர்கள். துறைமுக வழிகாட்டி ஏறும் பைலட் ஏணி இறங்கும் இடம், உயிர்காப்புப் படகு இறங்கும் இடம் இரண்டிலும் எப்படித் திறப்பது என்பதைக் கட்டும்போதே முடிவுசெய்யுங்கள்.

தீயணைப்புக் குழாய்களைப் பின்பக்கமும் இரு பின் மூலைகளிலும் கீழ்நோக்கிப் பொருத்தி, முனையைக் கட்டிவிடுங்கள். பிடித்துக்கொண்டு ஆள் நிற்கக் கூடாது. ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாம் அழகாகப் பீச்சும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். அப்போதுதான் பம்பின் உண்மை நிலை தெரியும்.

3 சென்டிமீட்டர் ரேடாரில் ஒன்றைக் குறுகிய வீச்சில், அலைக்குறுக்கீட்டு வடிப்பைக் குறைத்து, பின்புறத்துக்கென்றே ஒதுக்குங்கள். ஃபைபர் படகு ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும். கண்தான் முக்கியக் கருவி. காவல் நேரத்தைச் சுருக்குங்கள். புகைபோக்கிக்குப் பின்னாலுள்ள குருட்டுப் பகுதிக்குத் தனியாக ஓர் ஆள் தேவை.

யாரைச் சந்தேகிப்பது என்பதில் நிதானம் வேண்டும். ஏமன் கரையோர மீனவர்களும் துப்பாக்கி வைத்திருப்பதுண்டு. தங்கள் வலையைக் கப்பல் கிழித்துவிடாமல் இருக்க நேராக விரட்டிக்கொண்டு வருவதும் உண்டு. வலை இருக்கிறதா, ஐஸ் பெட்டி இருக்கிறதா, வேலை நடக்கிறதா என்று பாருங்கள். ஏணி, தேவைக்கு மீறிய எரிபொருள் பீப்பாய்கள், மீன்பிடிக் கருவியே இல்லாத நான்கைந்து ஆட்கள், பின்னால் தவ் என்னும் பாரம்பரிய மரக்கலம் ஒன்று என்றால் அது வேறு கதை. அந்தத் தவ்வே கடத்தப்பட்டதாகவும் அதிலுள்ள மீனவர்கள் பிணைக்கைதிகளாகவும் இருக்கலாம். இதையும் மையத்துக்குச் சொல்லுங்கள், சுடுவதா என்ற முடிவில் அது கடற்படைக்கு முக்கியம்.

எச்சரிக்கை மணி ஒன்றை மறக்காதீர்கள். பொது அபாய மணியை இதற்கும் அடித்தால் பாதிப் பேர் பழக்கத்தில் திறந்த தளத்திலுள்ள உயிர்காப்புப் படகை நோக்கி ஓடுவார்கள். கொள்ளையர் தாக்குதலுக்கென்று வேறு ஒலி வைத்துப் பயிற்சி கொடுங்கள்.

சிட்டடல்

எஃகுக் கதவுக்குள் எல்லாரும் பூட்டிக்கொண்டு காத்திருக்கும் உள்கோட்டைதான் சிட்டடல். கடற்படைகள் அதிரடியாக ஏறுவதற்கு முன் மூன்று நிபந்தனைகளைப் பார்க்கும். ஒருவர்விடாமல் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளிருப்பவர்களிடம் தனித்து இயங்கும் இருவழித் தொடர்பு இருக்க வேண்டும். விஎச்எஃப் என்ற குறுந்தூர வானொலி மட்டும் போதாது. கொள்ளையரால் கப்பலை இயக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஒருவர் வெளியே மாட்டினாலும் முதல் நிபந்தனை போய்விடும், ஏறுவதும் தள்ளிப்போகும். மூன்றும் நிறைவேறினாலும் கடற்படை ஏறியே தீரும் என்று உத்தரவாதம் கிடையாது.

2024 ஜனவரி 4 அன்று லீலா நார்ஃபோக் கப்பலில் ஆயுதக்காரர்கள் ஏறியதாக யூகேஎம்டிஓவுக்குச் செய்தி போனது. மறுநாள் ஐஎன்எஸ் சென்னையின் கமாண்டோக்கள் ஏறியபோது 21 பேரும் சிட்டடலில் பத்திரமாக இருந்தார்கள். கப்பலில் கொள்ளையர் இல்லை. மறுபக்கம், 2023 டிசம்பர் 14-இல் பிடிபட்ட ரூயென் கப்பலைப் பாருங்கள். கொள்ளையர் கையில் கப்பலும் ஆட்களும் முழுதாகப் போனபின், மீட்பு 2024 மார்ச் 16 வரை இழுத்தது. ஐஎன்எஸ் கொல்கத்தா முன்னின்ற நடவடிக்கை சுமார் 40 மணி நேரம் நடந்து, 35 பேர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் மீண்டார்கள்.

சிட்டடலில் பெரும்பாலும் சறுக்குவது தொலைபேசியில்தான். செயற்கைக்கோள் பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் எஃகுச் சுவருக்குள் சிக்னலே இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். தனி ஆன்டெனாவை வெளியே, எளிதில் கண்ணில் படாத இடத்தில் பொருத்தி, கேபிளை மறைத்துக் கொண்டுவாருங்கள். பிரிட்ஜ் மேலுள்ள ஆன்டெனாக்களைக் கொள்ளையர் உடைக்கக்கூடும். கதவை மூடி, உள்ளிருந்தே மையத்தை அழைத்துப் பேசிப் பாருங்கள். எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு. 22 பேர் என்றால் 264 லிட்டர். உலர் உணவு, கழிப்பறை வசதி, மருந்து, விளக்கு, காற்றோட்டம் எல்லாம் அதற்கேற்ப. இன்ஜின் அறையையே சிட்டடலாக வைத்திருந்தால், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு அமைப்பை வெளியிலிருந்து யாராவது திறந்துவிட முடியுமா என்பதை முதலில் பாருங்கள். அது மூச்சை அடைக்கும் வாயு.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் ஏவுகணை, டிரோன் தாக்குதலும் சேர்ந்துகொண்டது. கொள்ளையருக்கு எதிராக நீர்மட்டத்துக்குக் கீழே ஒளிவது சரி. வெடிக்கும் படகு மோதினால் அதே இடம் பொறி. இரண்டு வகை அபாயத்துக்கும் இரண்டு கூடுமிடம் குறித்து, எந்த ஒலிக்கு எங்கே என்று பயிற்சியில் பிரித்துக் காட்டுங்கள்.

படகு நெருங்கும்போது

ஆபத்துப் பகுதியில் இரண்டு ஸ்டீரிங் மோட்டார்களும் கூடுதல் ஜெனரேட்டரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சந்தேகப் படகு தெரிந்ததும் முழு வேகம், தானியங்கியை விட்டுக் கையால் சுக்கான். யூகேஎம்டிஓவுக்குத் தொலைபேசி; முதல் வாக்கியத்திலேயே பெயர், நிலை, "தாக்குதல்" என்ற சொல், படகு எத்தனை என்பது வந்துவிட வேண்டும். அழைப்பைத் துண்டிக்காமல் ஓர் ஆளிடம் கொடுங்கள். எஸ்எஸ்ஏஎஸ் என்ற ரகசிய எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்துங்கள்: கப்பலில் சத்தம் எழாது, கொடி நாட்டுக்கும் கம்பெனிக்கும் செய்தி போகும். பழைய மின்னஞ்சல் முகவரி அதில் மாற்றப்படாமல் இருந்தால் யாருக்கும் போகாது. ஆகவே பயணத்துக்கு முன்பே கம்பெனியிடம் சொல்லிவிட்டுச் சோதியுங்கள். விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசையில் அபாய அழைப்பு, டிஎஸ்சி என்ற தானியங்கி வானொலி அழைப்பில் அபாயச் செய்தி. தளத்தில் இருப்பவர்கள் உள்ளே.

சுக்கானைப் பெரிதாகத் திருப்பாதீர்கள். கப்பல் பெரிய வளைவில் வேகத்தை இழக்கும், கொள்ளையருக்கு வேண்டியதும் அதுதான். சிறு சிறு திருப்பங்களாக, மாறி மாறி, பக்கவாட்டில் எழும் அலை ஸ்கிஃபைத் தூக்கிப்போடும்படி திருப்புங்கள். காற்று மறைவான பக்கம் அவர்களுக்குக் கிடைக்காமல் பாருங்கள். 18 நாட்டுக்கு மேல் ஓடும் கப்பலில் ஏறுவது மிகக் கடினம்; விளிம்பு 8 மீட்டருக்கு மேலிருந்தாலும் அப்படியே. உங்களிடம் இரண்டும் இல்லை என்றால், 14-ஐ 15 ஆக்குவதும் நேரம்தான்: முதலில் சொன்ன கணக்கில் 16 நிமிடம் 18 ஆகும்.

ஏறிவிட்டார்கள் என்றால், கடல்வழி பாதுகாப்பாக இருக்கும்பட்சத்தில் இன்ஜினை நிறுத்தி, எல்லாரும் ஒன்றாகச் சிட்டடலுக்குள். உள்ளே போனதும் தலையை எண்ணுங்கள், எண்ணிக்கையை மையத்துக்குச் சொல்லுங்கள். சிட்டடலுக்குப் போக வழியில்லாமல் பிடிபட்டால் எதிர்க்காதீர்கள்.

கடற்படையினர் ஏறும்போதும் பிறகும்

வெளியே தமிழிலோ ஆங்கிலத்திலோ யாராவது "நாங்கள் கடற்படை" என்று கத்தினால் உடனே திறக்க வேண்டாம். தொலைபேசியில் மையம் உறுதிசெய்யட்டும். திறந்ததும் தரையோடு படுத்து, இரு கைகளும் வெறுமையாகத் தெரியும்படி வையுங்கள். கையில் டார்ச், ஸ்பேனர், செல்பேசி எதுவும் வேண்டாம். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. உங்களையும் முதலில் கொள்ளையரைப்போல்தான் நடத்துவார்கள். எல்லாரையும் அடையாளம் பார்த்து முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வருவது சாட்சியம், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தின் 105-ஆவது பிரிவு, திறந்த கடலில் எந்த நாடும் கொள்ளையரைப் பிடித்துத் தன் நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்கிறது. நிறுத்தலாம் என்றுதான் சொல்கிறது. நிறுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2021 நவம்பரில் கினி வளைகுடாவில் டென்மார்க்கின் எஸ்பெர்ன் ஸ்னாரே பிடித்தவர்களில் மூன்று பேரை ஏற்க எந்த நாடும் முன்வராததால், 2022 ஜனவரியில் சிறு படகில் உணவும் எரிபொருளும் கொடுத்து விட்டுவிட்டார்கள். ரூயென் கொள்ளையர் 35 பேரை இந்தியா மும்பைக்கே கொண்டுவந்து வழக்குத் தொடர்ந்ததற்குப் பின்னால் 2022-ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இருந்தது. கென்யா, செஷல்ஸ், மொரீஷியஸ் போன்ற நாடுகளுடன் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்படைப்பு ஏற்பாடு செய்துகொண்டது. எந்த நீதிமன்றமானாலும் சாட்சியம் உங்கள் கப்பலிலிருந்துதான் போக வேண்டும்.

விடிஆர் என்ற பயணப் பதிவுக் கருவியின் பதிவை உடனே சேமியுங்கள். 2014 ஜூலைக்கு முன் பொருத்திய பழைய கருவிகளில் 12 மணி நேரத்துக்குப் பின் பதிவு மேலெழுதப்பட்டுவிடும். சிட்டடலுக்குள் ஒரு நாள் கிடந்துவிட்டு வெளியே வந்தால் தாக்குதலின் பதிவே இராது. ஆகவே உள்ளே ஓடும் முன் சேமிப்புப் பொத்தானை அழுத்துவதைப் பயிற்சியில் சேருங்கள். தோட்டா உறைகள், ஏணி, கொக்கி, கயிறு எதையும் தொடாதீர்கள், தளத்தைக் கழுவாதீர்கள். அந்தப் பகுதியைக் கயிறு கட்டிப் பூட்டுங்கள். ஒவ்வொருவரும் தான் கண்டதைத் தனித்தனியாக, கலந்து பேசுமுன், தன் மொழியிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும்.

எல்லை கடந்தால் ஆள் மாறும்

இந்த ஏற்பாடு முழுதும் 12 கடல்மைலுக்கு வெளியேதான். அதற்குள் நடப்பது சட்டப்படி கடற்கொள்ளையே அல்ல, ஆயுதக் கொள்ளை; கரை நாட்டின் பொறுப்பு. சோமாலியாவின் கரைக் கடலுக்குள் பிற நாட்டுக் கடற்படைகள் நுழைய 2008-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1816-ஆம் தீர்மானம் கொடுத்த அனுமதி, புதுப்பிக்கப்பட்டு வந்து 2022 மார்ச்சில் காலாவதியானது. கரையிலிருந்து விலகி ஓட இதுவும் ஒரு காரணம்.

கினி வளைகுடாவில் மேற்சொன்ன இரு மையங்களும் உதவாது. அங்கே பிரான்ஸும் பிரிட்டனும் நடத்தும் எம்டாட்-ஜிஓஜி மையத்திடம் பேச வேண்டும். அங்கே கப்பலைவிட ஆட்களைத்தான் கடத்துவார்கள். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கரை நாட்டு மையமும் சிங்கப்பூரிலுள்ள ரீகாப் தகவல் மையமும். உலகின் எந்தக் கடலிலும் கோலாலம்பூரிலுள்ள ஐஎம்பி (பன்னாட்டுக் கடல்சார் பணியகம்) கடற்கொள்ளை அறிக்கை மையம் 24 மணி நேரமும் அழைப்பை எடுக்கும்.

பகுதியைவிட்டு வெளியேறியதும் இறுதி அறிக்கையை அனுப்புங்கள். அது வராத கப்பலின் பெயர் மையத்தின் பலகையில் அப்படியே நிற்கும். அடுத்த காவல் அதிகாரி தொலைபேசியை எடுத்து உங்களைத் தேடத் தொடங்குவார்.